அபர்வான்: மலைச்சரிவில் வெள்ளை வளைவுகள்

மகளின் பட்டமளிப்பு விழாவுக்காகக் கடந்த ஜூலையில் கார்டிஃப் போயிருந்தோம். வேல்ஸ் நாட்டின் தலைநகரம். கோட்டையைப் பார்த்தாயிற்று, கடல் பக்கம் போயாயிற்று, மகளின் தோழிகள் சேர்ந்து சமைத்த நாசி லெமாக்கையும் சாப்பிட்டாயிற்று. விமானத்துக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. “வேற எங்கம்மா போகணும்?” என்று மகள் கேட்டாள். அபர்வான் என்றேன்.

மூன்று வருடம் அங்கே படித்தவள், ரயிலில் ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கும் அந்த ஊருக்குப் போனதில்லை. ஆனால் பெயர் தெரிந்திருந்தது. “நெட்ஃப்ளிக்ஸ்ல வந்துச்சே, குவீன் கதையில, அதுவா?” ஆமாம், அதுதான். ‘தி கிரவுன்’ தொடரைப் பார்த்த வாசகர்களுக்கும் அந்த ஊர் நினைவிருக்கும். “ஊர் சுத்திப் பார்க்க வந்துட்டு கல்லறைக்குப் போகணும்ங்கிறீங்க” என்று சிரித்தாள். என் கணவர் முழங்கால் வலி என்று சொல்லி நைசாகக் கழன்றுகொண்டார். மறுநாள் பசியாறிவிட்டு நாங்கள் இருவர் மட்டும் கிளம்பினோம்.

எனக்கு அந்தப் பெயர் தொலைக்காட்சியில் அறிமுகமானதல்ல. என் அப்பா பேராக்கில் ஒரு ரப்பர்த் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியராக இருந்தவர். பத்திரிகையில் கண்ணில் படுகிற படங்களை வெட்டி ஒரு நீள நோட்டில் ஒட்டி வைப்பார். சந்திரனில் இறங்கிய மனிதன், காமராஜர், மெர்டேக்கா விளையாட்டரங்கம் என்று பலதும் அதில் இருக்கும். நடுவில் ஒரு பக்கத்தில் வேறு எதுவும் ஒட்டாமல் ஒரே ஒரு படம். தலைத்தொப்பி இல்லாத ஒரு போலீஸ்காரர் ஒரு சிறுமியைக் கைகளில் ஏந்திக்கொண்டு ஓடிவருகிறார், பின்னால் திகைத்து நிற்கும் முகங்கள். கீழே அப்பாவின் கையெழுத்தில் ‘அபர்வான், 1966’. நான் பிறப்பதற்கு முந்தைய படம். சிறு வயதில் ஒருமுறை அதைப் பற்றிக் கேட்டேன். “நம்ம மாதிரி ஊரும்மா” என்று மட்டும் சொன்னார். அந்த வருடம் அவர் மூன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார் என்பது பின்னால்தான் எனக்குத் தெரிய வந்தது.

எழுத்தில் பார்த்தால் அந்தப் பெயரை ‘அபர்ஃபான்’ என்றுதான் படிக்கத் தோன்றும். வேல்ஸ் மொழியில் ஒற்றை ‘எஃப்’ எழுத்துக்கு ‘வ’ ஒலி. ரயிலில் எதிரில் உட்கார்ந்திருந்த பெண்மணி இதைத் திருத்திச் சொன்னார். திருத்திய பிறகு, எதற்குப் போகிறீர்கள் என்று அவர் கேட்கவில்லை. அங்கே இறங்கும் வெளியூர்க்காரர்கள் எதற்கு வருவார்கள் என்று அவருக்குத் தெரியும்.

கார்டிஃப்பிலிருந்து வடக்கே, டாஃப் ஆற்றை ஒட்டியே ரயில் ஏறுகிறது. இரு பக்கமும் மலை நெருங்கி வருகிறது. சரிவுகளில் வரிசை வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகள், ஒரே அளவு, ஒரே உயரம். நம் லயத்து வீடுகளைப் பார்த்தவர்களுக்கு அந்த வரிசையின் பொருள் சட்டென்று புரியும். ஒரு காலத்தில் இந்தப் பள்ளத்தாக்குகள் முழுக்க நிலக்கரிச் சுரங்கங்கள். எங்கள் கிந்தா பள்ளத்தாக்கில் ஈயம் எடுத்த மிச்சம் வெள்ளை மணல்வெளியாகவும் குட்டைகளாகவும் கிடக்கும். இங்கே கழிவைக் கொட்டப் பள்ளத்தாக்கில் சமதரை கிடையாது. ஆகவே மலைமேல் கொண்டுபோய்க் கொட்டினார்கள், மலைக்கு மேல் இன்னொரு மலையாக.

மெர்த்தர் வேல் என்ற சிறிய நிலையத்தில் இறங்கினோம். ஆற்றுக்கு இந்தப் பக்கம் மெர்த்தர் வேல், அந்தப் பக்கம் அபர்வான். இரண்டுக்கும் சோறு போட்ட சுரங்கம் நடுவில் ஆற்றோரமாக இருந்தது. 1989ல் அதை மூடிவிட்டார்கள். இன்று அந்தச் சுவடே தெரியவில்லை. பாலத்தில் நின்று பார்த்தால் மேற்கே மலை. நான் மனதில் வைத்திருந்தது கறுப்பு மலை. கண்ணுக்கு எதிரே இருந்ததோ பச்சை. செம்மறியாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. வெயில் வேறு. இப்படி ஒரு நாளிலா வந்து சேர்ந்தோம் என்றிருந்தது எனக்கு.

1966 அக்டோபர் 21 வெள்ளிக்கிழமை காலையில் இந்த ஊரில் பனிமூட்டம். தெருவின் மறு கோடி தெரியாத அளவுக்கு அடர்த்தி. ஆனால் மலையுச்சியில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. பாண்ட்கிளாஸ் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு அன்று அரைநாள்தான் பள்ளி. மதியத்தோடு விட்டுவிடுவார்கள், அப்புறம் ஒரு வாரம் விடுமுறை. பிள்ளைகள் வகுப்புக்குள் வந்து உட்கார்ந்த நேரம். ஆசிரியர்கள் பெயர்ப் பதிவை எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

மேலே, ஏழாம் எண் கழிவுக் குவியலில் வேலைக்கு ஏறிய ஆட்கள் அதன் உச்சி பத்தடி கீழே இறங்கியிருப்பதைப் பார்த்தார்கள். அங்கிருந்த தொலைபேசிக் கம்பி திருடு போயிருந்ததால் ஓர் ஆள் நடந்தே கீழே போய்த் தகவல் சொன்னார். இன்றைக்குக் கொட்ட வேண்டாம், அடுத்த வாரம் வேறிடம் பார்க்கலாம் என்று பதில் வந்தது. ஒன்பதேகால் மணிவாக்கில் குவியல் சரிந்தது. அடியில் ஊறியிருந்த தண்ணீர் அந்தக் கழிவைச் சேறாக்கியிருந்தது. மேலே நின்றவர்கள் கண்ணால் பார்த்தார்கள். ஆனால் கீழே ஊரைப் பனி மூடியிருந்ததால் அது எங்கே போய் நிற்கிறது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. கீழே இருந்தவர்களுக்குச் சத்தம் மட்டும் கேட்டது. ஏதோ ஜெட் விமானம் தாழப் பறப்பது போல என்று பிழைத்தவர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். வழியில் பண்ணைக் குடில்கள், பிறகு பழைய ரயில் மேடு, பிறகு பள்ளி, அதை அடுத்த மோய் ரோட்டு வரிசை வீடுகள்.

இறந்தவர்கள் 144 பேர். அதில் 116 பேர் குழந்தைகள். பெரும்பாலோர் ஏழிலிருந்து பத்து வயதுக்குள். பள்ளிக்கூடத்துக்குள் மட்டும் 109 பிள்ளைகளும் ஐந்து ஆசிரியர்களும். அந்தப் பள்ளியில் ஏறக்குறைய பாதிப் பிள்ளைகள் ஒரே காலையில் போய்விட்டார்கள்.

முதலில் ஓடிவந்தவர்கள் தாய்மார்கள். வெறும் கையால் தோண்டினார்கள். பிறகு சுரங்கத்துக்குள் ஆள் அனுப்பி, கீழே வேலையில் இருந்தவர்களை மேலே வரவழைத்தார்கள். மண்வெட்டியோடு வந்தவர்களில் அந்தப் பிள்ளைகளின் அப்பாக்களும் இருந்தார்கள். நிலக்கரியோடு சேர்ந்து வெட்டியெடுத்த மண்ணும் கல்லும்தான் அந்தக் குவியல். யாருடைய உழைப்பின் கழிவு என்று யோசித்தால் நெஞ்சு அடைக்கிறது. அவ்வப்போது ஒரு விசில் ஊதும். எல்லாரும் அப்படியே அசையாமல் நிற்பார்கள், அடியிலிருந்து ஏதாவது குரல் வருகிறதா என்று. காலை 11 மணிக்குப் பிறகு யாரும் உயிரோடு கிடைக்கவில்லை. ஆனாலும் ஆயிரக்கணக்கானோர் தோண்டிக்கொண்டேதான் இருந்தார்கள். கடைசி உடல் கிடைக்க ஒரு வாரம் ஆனது. அப்பா ஒட்டி வைத்த படத்தில் இருக்கும் சிறுமி பிழைத்துக்கொண்டாள்.

பள்ளி இருந்த இடம் இப்போது ஒரு நினைவுப் பூங்கா. தாழ்வான சுவர்கள், பூச்செடிகள், உட்கார இருக்கைகள். நாங்கள் போனபோது ஒரு முதியவர் நாயோடு உட்கார்ந்திருந்தார். இது சுற்றுலாத்தலம் அல்ல. அனுமதிச்சீட்டு இல்லை, நினைவுப்பொருள் கடை இல்லை, கழிப்பறை எங்கே என்று கூட எழுதி வைக்கவில்லை. பூங்காவை ஒட்டியே குடியிருப்புகள். ஒரு வீட்டுக் கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. நான் கைப்பேசியை எடுத்தேன், பிறகு பைக்குள் போட்டுவிட்டேன். மகள் எதுவும் சொல்லவில்லை. அவளும் எடுக்கவில்லை.

‘பாண்ட்கிளாஸ்’ என்றால் வேல்ஸ் மொழியில் பசுமையான பள்ளம் என்று பொருள். அந்தச் சுவர் ஒன்றில் உட்கார்ந்துகொண்டு மலையைப் பார்த்தேன். இங்கே உட்கார்ந்தால் மலையைப் பார்க்காமல் இருக்க முடியாது. வகுப்பறைச் சன்னல் வழியாகவும் அப்படித்தான் தெரிந்திருக்கும்.

எதிர்பாராத விபத்து என்று பேச்சுக்குச் சொல்லலாம். நிலக்கரி வாரியத்தின் தலைவராக இருந்த ராபன்ஸ் பிரபு அப்படித்தான் சொன்னார். குவியலுக்கு அடியில் ஊற்று இருந்தது யாருக்கும் தெரியாது என்றார். (விபத்து நடந்த மறுநாள் அவர் ஒரு பல்கலைக்கழக வேந்தராகப் பதவியேற்கப் போனார். அதை முடித்துக்கொண்டுதான் அபர்வானுக்கு வந்தார்.) ஆனால் அந்த ஊற்றுகள் நில அளவை வரைபடத்திலேயே இருந்தன. அந்த மலையில் பிள்ளைகள் விளையாடும் நீரோடை அது, ஊரில் எல்லாருக்கும் தெரியும். அதன் மேல்தான் 1958ல் ஏழாம் எண் குவியலைக் கொட்டத் தொடங்கினார்கள். 111 அடி உயரம் வரை வளர்ந்தது. 1963ல் மெர்த்தர் நகராட்சிப் பொறியாளர்கள் வாரியத்துக்குக் கடிதம் எழுதினார்கள். பாண்ட்கிளாஸ் பள்ளிகளின் பின்புறம் கொட்டப்படும் கரிச்சேற்றால் ஆபத்து என்பதே அதன் தலைப்பு. பள்ளியின் பெயர் தலைப்பிலேயே இருந்தது என்பதைக் கவனியுங்கள். அதே வருடம் குவியல் ஒருமுறை சரியவும் செய்தது. 1965ல், மழை பெய்தால் பள்ளியைச் சுற்றித் தண்ணீர் நிற்கிறது என்று தாய்மார்கள் தலைமையாசிரியையிடம் மனு கொடுத்தார்கள். அந்தத் தலைமையாசிரியையும் அன்று இறந்தவர்களில் ஒருவர்.

அப்பா சொன்ன ‘நம்ம மாதிரி ஊர்’ எனக்கு இங்கேதான் விளங்கியது. தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வேலை கொடுப்பதும் அவன்தான், வீட்டு வாசலில் கழிவைக் கொட்டுவதும் அவன்தான் என்றால், எந்த வாயால் கேட்பது? குவியலை நிறுத்து என்று அழுத்திச் சொன்னால் சுரங்கத்தையே மூடிவிடுவார்களோ என்ற பயம் அந்த ஊரில் இருந்தது.

நீதிபதி எட்மண்ட் டேவிஸ் தலைமையில் விசாரணை 76 நாள் நடந்தது. 136 பேர் சாட்சி சொன்னார்கள். பழி நிலக்கரி வாரியத்தின் மேல் என்று அறிக்கை சந்தேகத்துக்கு இடமில்லாமல் சொன்னது. இது கெட்ட எண்ணத்தால் நடந்ததல்ல, அறியாமையாலும் திறமையின்மையாலும் ஒருவருக்கொருவர் தகவல் சொல்லிக்கொள்ளாததாலும் நடந்தது என்றும் சொன்னது. படிக்கும்போது அந்த நிதானமே எனக்கு எரிச்சலாக இருந்தது. யார் மீதும் வழக்கு இல்லை. யாருக்கும் வேலை போகவில்லை. ராபன்ஸ் விலக முன்வந்தார், அரசு ஏற்கவில்லை. அதற்கு முன்பே, இறப்புகளைப் பதிவு செய்யும் மரண விசாரணையில், ஒரு தந்தை எழுந்து தன் பிள்ளையின் இறப்புக்குக் காரணம் மூச்சுத்திணறல் என்று எழுதக் கூடாது, நிலக்கரி வாரியத்தால் உயிரோடு புதைக்கப்பட்டது என்று எழுதுங்கள் என்று கேட்டார். ஏற்கெனவே அதிகாரிகள் படித்திருந்த கடிதங்களை எல்லாம் விட அந்த ஒரு வரியில் விஷயம் இருந்தது.

பூங்காவிலிருந்து கல்லறைக்கு ஏற்றம். அரை மணி நேரம் கூட ஆகாது, ஆனால் மூச்சு வாங்கும். போகும் வழியில் பெத்தானியா தேவாலயம் இருந்த இடத்தைப் பற்றி மகளுக்குச் சொன்னேன். மீட்ட உடல்களை அங்கேதான் வரிசையாகக் கிடத்தினார்கள், இருக்கைகளின் மேல், போர்வை போர்த்தி. பெற்றோர்கள் வெளியே தெருவில் மணிக்கணக்கில் வரிசையில் நின்றார்கள். உள்ளே போய் ஒவ்வொரு போர்வையாகத் தூக்கிப் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகு அந்தக் கட்டடத்துக்குள் யாரால் தொழ முடியும்? அடுத்த வருடமே இடித்துவிட்டு வேறொன்றைக் கட்டினார்கள்.

அக்டோபர் 27ம் தேதி ஒரே நாளில் 81 பிள்ளைகளை அந்த மலைச்சரிவில் அடக்கம் செய்தார்கள். இன்று அங்கே வெள்ளை வளைவுகள் இரண்டு நீண்ட வரிசையாக நிற்கின்றன, ஒன்றின் தோளை ஒன்று தொட்டுக்கொண்டு. வகுப்புக்குப் போகப் பிள்ளைகள் வரிசையில் நிற்பது போல என்று எழுதத்தான் கை போகிறது. அப்படி நினைக்காமல் அங்கே நிற்க முடியவில்லை. பழைய கல்லை மாற்றி 2007ல் பளபளப்பான கிரானைட் போட்டிருக்கிறார்கள். பள்ளத்தாக்கின் எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தாலும் தெரியும். ஒவ்வொன்றிலும் பெயர், வயது, பெற்றோர் எழுதிய ஒரு வரி. சிலவற்றில் சின்னப் புகைப்படம். ஒன்றில் பொம்மை லாரி, புதிதாக வாங்கி வைத்தது. ஏறக்குறைய அறுபது வருடம் கழித்து யாரோ ஒருவர் கடைக்குப் போய், விளையாட்டுச் சாமான் வரிசையில் நின்று, அந்த லாரியைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். அந்தப் பிள்ளை இருந்திருந்தால் இன்று பேரனுக்கு வாங்கும் வயது.

இந்த வளைவுகளின் கதையில் பணமும் இருக்கிறது. சொல்லக் கூசினாலும் சொல்லியாக வேண்டும்.

விபத்துக்குப் பிறகு உலகம் முழுவதிலுமிருந்து நன்கொடை வந்து குவிந்தது. சுமார் 17 லட்சத்து 50 ஆயிரம் பவுன். வாரியம் தன் பங்குக்கு இழப்பீடாக ஒரு பிள்ளைக்கு முதலில் 50 பவுன் தருவதாகச் சொல்லி, பிறகு 500 பவுன் தந்தது. நன்கொடைப் பணத்தைப் பெற்றோருக்குப் பிரித்துக் கொடுக்க நிதிக்குழு முனைந்தபோது, அறக்கட்டளைகளை மேற்பார்வை செய்யும் ஆணையம் குறுக்கே வந்தது. ஒவ்வொரு குடும்பத்திலும் பெற்றோர் அந்தப் பிள்ளையோடு உண்மையிலேயே நெருக்கமாக இருந்தார்களா, அதனால் மன வேதனைப்படுகிறார்களா என்று பார்த்துவிட்டுக் கொடுக்க வேண்டுமாம். இதை முதலில் படித்தபோது தப்பாகப் படித்துவிட்டேனோ என்று இன்னொரு முறை படித்தேன். எந்த அதிகாரி, எந்த மேசையில் உட்கார்ந்து, எந்தப் பாரத்தில் இதை நிரப்புவது?

அதைவிட மோசமானது குவியல். ஏழாம் எண் சரிந்ததே தவிர, மற்றக் குவியல்கள் மலைமேல் அப்படியே நின்றன. பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் காலையில் எழுந்து சன்னலைத் திறந்தால் முதலில் தெரிவது அது. மழை பெய்தால் தூக்கம் இல்லை. எடுங்கள் என்று ஊர் கேட்டது. பாதுகாப்பாகத்தான் இருக்கிறது, செலவு அதிகம் என்று பதில் வந்தது. கடைசியில் ஊர்க்காரர்கள் அந்தக் கரிச்சேற்றை மூட்டையில் கட்டிக்கொண்டு கார்டிஃப் போய், வேல்ஸ் அமைச்சு அலுவலகத்துத் தரையில் கொட்டினார்கள். அதற்குப் பிறகுதான் அரசு அசைந்தது. அப்போதும் ஒரு நிபந்தனை: குவியலை அப்புறப்படுத்தும் செலவில் 1,50,000 பவுனை நன்கொடை நிதியிலிருந்து கொடுக்க வேண்டும். 1968ல் கொடுத்தார்கள். பிள்ளைகளுக்காக ஊர் உலகம் கொடுத்த பணம், பிள்ளைகளைக் கொன்ற குவியலை அள்ளப் போனது. அந்தப் பணத்தை அரசு 1997ல் திருப்பித் தந்தது. வட்டி இல்லாமல், அதே 1,50,000. பத்து வருடம் கழித்து, 2007ல், வேல்ஸ் அரசு 15 லட்சம் பவுன் கொடுத்து ஓரளவு ஈடுகட்டியது. நாங்கள் பார்த்த கல்லறையையும் பூங்காவையும் பராமரிப்பது அந்த மாதிரிப் பணத்தில்தான்.

கல்லறையில் ஒருவர் வாளியில் தண்ணீர் எடுத்து வந்து செடிகளுக்கு ஊற்றிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்துத் தலையசைத்தார். எந்த ஊர் என்று கேட்டார். மலேசியா என்றேன். “ரொம்ப தூரமாச்சே” என்றார். இவள் உங்கள் மகளா, என்ன படித்தாள் என்றெல்லாம் விசாரித்தார். இந்தப் பக்கம் மழை அதிகம், நீங்கள் வந்த நாள் நல்ல நாள் என்றார். எழுபதை நெருங்கியிருப்பார். மனதுக்குள் நான் வருடத்தைக் கழித்துப் பார்த்தேன். 1966ல் எட்டோ ஒன்பதோ இருக்கும். கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. வாளியை எடுத்துக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போனார்.

அந்த வயதுக்காரர்களைப் பற்றி நான் படித்தது நினைவுக்கு வந்தது. பிழைத்த பிள்ளைகள் தெருவில் விளையாடப் போகவில்லையாம். தங்களைப் பார்த்தால் பிள்ளையை இழந்த தாய்மார்களுக்கு வலிக்குமே என்று வீட்டுக்குள்ளேயே இருந்தார்கள். ஒன்பது வயதில் அந்த யோசனை வந்திருக்கிறது. உயிரோடு இருப்பதற்கே குற்ற உணர்ச்சி. விபத்து நடந்து 33 வருடம் கழித்துப் பிழைத்தவர்களில் 41 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தபோது, அவர்களில் 29 விழுக்காட்டினர் அப்போதும் அந்த அதிர்ச்சியின் பாதிப்பிலேயே இருந்தார்கள். திரும்பத் திரும்ப வரும் கனவு, மழைச் சத்தம், தூக்கமின்மை.

ஊருக்குள் பிளவும் வந்தது. ஒரே வீட்டு வரிசையில் இந்த வீட்டில் பிள்ளை போய்விட்டது, அடுத்த வீட்டில் இருக்கிறது. எதிரே பார்த்தால் என்ன பேசுவது? பணம் வந்த பிறகு அதைப் பற்றியும் மனக்கசப்பு. ஊரே ஒன்றாகத் துக்கம் அனுபவித்தது என்று எழுதிவிட்டுப் போவது எளிது. உண்மை அவ்வளவு சுலபமாக இருந்திருக்காது.

ஆனால் இன்னொரு செய்தியும் உண்டு. அதுதான் என்னை அந்த ஊருக்கு இழுத்தது என்றும் சொல்லலாம். 1975ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஒரு சிறிய கட்டுரை வந்தது. விபத்துக்கு அடுத்த ஐந்து ஆண்டுகளில் அபர்வானில் பிறப்பு விகிதம் உயர்ந்திருந்தது. பிள்ளையை இழந்தவர்கள் மறுபடி பெற்றுக்கொண்டார்கள், வேறென்ன என்றுதான் யாரும் நினைப்போம். கணக்கெடுத்துப் பார்த்தால், கூடுதலாகப் பிறந்த குழந்தைகளில் பெரும்பாலானவை பிள்ளையை இழக்காத வீடுகளில் பிறந்தவை. யாரும் கூடிப் பேசி முடிவெடுத்திருக்க மாட்டார்கள். பக்கத்து வீட்டுத் தொட்டில் காலியானதற்கு இந்த வீட்டில் தொட்டில் கட்டியிருக்கிறார்கள். சவப்பெட்டிகள் போன தெருவில் சின்னக் குரல்கள் கேட்க வேண்டும் என்று ஏதோ ஒன்று அந்த ஊரின் உடம்புக்குள் முடிவெடுத்திருக்கிறது.

இதை அங்கேயே, வளைவுகளுக்கு எதிரே போட்டிருந்த இருக்கையில் உட்கார்ந்து மகளிடம் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. “அந்தப் பிள்ளைங்களுக்கு இப்ப அம்பத்தஞ்சு வயசு இருக்குமே” என்றாள். பிறகு, “அவங்ககிட்ட யாராவது இதைச் சொல்லியிருப்பாங்களா?” என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

தாய்மார்கள் 1967ல் ஒரு மகளிர் சங்கம் தொடங்கினார்கள், வாரம் ஒருமுறை கூடி உட்கார. இளம் மனைவியர் சங்கம் என்று பெயர். அதிலிருந்தவர்கள் பாட்டிகளான பிறகும் பெயரை மாற்றவில்லை. ஆண்களுக்கு அழத் தெரியவில்லை. அவர்கள் பாடினார்கள். அனிசோவன் ஆண்கள் பாடகர் குழு அப்படித்தான் உருவானது. வேல்ஸ் சுரங்கத் தொழிலாளிகளுக்குச் சேர்ந்து பாடுவது ரத்தத்தில் ஊறியது. கல்லறையில் நின்று பாட வேண்டியிருந்த பாட்டைப் பிறகு மேடையில் நின்று பாடப் பழகிக்கொண்டார்கள். ராணி எலிசபெத் எட்டு நாள் கழித்துத்தான் வந்தார் என்று தொடரில் பெரிதாகக் காட்டினார்கள். ஆனால் அவர் அதற்குப் பிறகு மூன்று முறை வந்திருக்கிறார், கடைசியாக 2012ல். ஊர்க்காரர்கள் அதைத்தான் ஞாபகம் வைத்திருக்கிறார்கள் என்று ரயிலில் அந்தப் பெண்மணி சொன்னார்.

திரும்பக் கிளம்பும்போது வாளிக்காரர் வழி சொன்னார். வந்த பாதை வேண்டாம், இப்படி இறங்கினால் பத்து நிமிடம் மிச்சமாகும், இருபது நிமிடத்தில் ரயில் இருக்கிறது என்றார். மகளின் கையைப் பிடித்துக் குலுக்கி, படிப்புக்கு வாழ்த்துச் சொன்னார்.

கீழே தெருவுக்கு வந்தபோது பள்ளி விட்டிருந்தது. சீருடையைக் கூடக் கழற்றாமல் நான்கைந்து பிள்ளைகள் சைக்கிளில் சரிவிலிருந்து கத்திக்கொண்டே இறங்கினார்கள். நடுத்தெருவில் போன எங்களை ஒட்டி உரசிக்கொண்டு போனான் ஒரு பையன். மகள் சட்டென்று என்னை ஓரமாக இழுத்தாள். எதிர் வீட்டு வாசலில் நின்ற ஒரு பாட்டி அவன் பெயரைச் சொல்லி அதட்டினார். எங்களைப் பார்த்து மன்னிக்கச் சொன்னார். பரவாயில்லை என்றோம். அவன் அதற்குள் மூலையில் திரும்பி, மறுபடி மேலே ஏறத் தொடங்கியிருந்தான். பாட்டி உள்ளே போகவில்லை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, அவன் இறங்கி வருவதைப் பார்க்க அங்கேயே நின்றார்.